குடை மறைவில் சோறு

துக்கரண் மகாபாத்ரரின் முகத்தில் விழித்துவிட்டால் எங்கள் பலியா ஜில்லாவில் அன்றைக்கு ஒருத்தனும் காரியத்துக்குக் கிளம்ப மாட்டான். பூட்டிய வண்டி மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு, வாய் கொப்பளித்துவிட்டு, போய்ப் படுத்துக்கொள்வான். இத்தனைக்கும் அந்த மனிதர் யாரையும் அடித்ததில்லை, திருடினதில்லை. அவர் செய்ததெல்லாம் சாப்பிட்டதுதான். செத்தவருக்குப் பதினோராம் நாள் வந்து உட்கார்ந்து, செத்தவர் பேரைச் சொல்லி வயிறு முட்டச் சாப்பிட வேண்டும். பிறகு கட்டில், மெத்தை, பாத்திரம், செருப்பு, குடை, பசு எல்லாம் வாங்கிக்கொண்டு "திருப்தி" என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் ஆவி மேலே போகும். சொல்லாமல் இலையை விட்டு எழுந்தால் ஆவி கூரையிலேயே தொங்கும். இப்படி நம்புகிறவர்களும் அவரைக் கண்டால் காறித் துப்புகிறவர்களும் ஒரே ஆட்கள்தான்.

அவரும் பிராமணர்தான். பூணூல் உண்டு, குடுமி உண்டு. ஆனால் மற்ற பிராமணர்கள் அவர் வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள், கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். அவர் கிணற்றடிக்கு வந்தால் வாளியோடு நகர்ந்துகொள்வார்கள். அவர் எங்களைக் கண்டால் நகர்ந்துகொள்வார். இந்த ஏற்பாட்டைச் செய்தவன் எவனோ, பெரிய கெட்டிக்காரன். உதை வாங்குகிறவனுக்கு உதைக்க ஒரு ஆளைக் காட்டிவிட்டான். அதற்கப்புறம் எவன் வாயைத் திறப்பான்?

நான் நோனியா. உப்பு மண் சுரண்டுகிற, மண் வெட்டுகிற ஜாதி. எனக்கு ஜிங்குர் என்று பேர் வைத்தார்கள். சுவர்க்கோழி என்று அர்த்தம். எங்கள் ஆட்களுக்கு அப்படித்தான் வைப்பார்கள், பூச்சி, புழு, குப்பை என்று. பள்ளிக்கூடத்தில் நான் இருந்தது ஒன்றரை வருஷம், அதுவும் வாசலுக்கு வெளியே. இன்றைக்கு எனக்கு மூன்று செங்கல் சூளை. சரயு கரையில் இருபது மைலுக்கு எந்தச் சுவரை இடித்தாலும் என் முத்திரை போட்ட கல் விழும். கோயில் மதிலும் என் கல், அந்தக் கோயிலுக்குள் என்னை விடாத பூசாரியின் வீடும் என் கல். யாரும் எனக்குக் கைகொடுக்கவில்லை. நான் யாரிடமும் கை நீட்டவும் இல்லை.

துக்கரணின் வீட்டுக்குள் போனவர்கள் குறைவு. நான் போயிருக்கிறேன், தரை போடக் கல் இறக்கும்போது. கூடம் முழுக்கக் கட்டில்கள், ஒன்றன்மேல் ஒன்றாகக் கூரை வரை. எல்லாம் செத்தவர்கள் பேரில் வந்தவை. இந்த வாரம் ஒரு ஹவில்தாரின் கட்டிலில் படுப்பார், அடுத்த வாரம் ஒரு நெய் வியாபாரியின் மெத்தையில். குடைகள் மூலையில் விறகு மாதிரிக் கட்டிக் கிடக்கும். மாதம் ஒருமுறை கடைத்தெருவிலிருந்து ஆள் வந்து பின்வாசல் வழியாக அள்ளிக்கொண்டு போவான். அதே கட்டிலும் குடையும் அடுத்த சாவு வீட்டுக்குப் புதுசு என்று போகும். எங்கள் தெருவில் ஒரே குடை நாலு பேரைச் சொர்க்கத்துக்கு அனுப்பியிருக்கிறது. கைப்பிடியில் எலி கடித்த அடையாளத்தை வைத்து நானே கண்டுபிடித்தேன்.

அவர் வாங்கிக்கொண்டு தெருமுனை திரும்பியதும் சாவு வீட்டுக்காரர்கள் அவர் முதுகில் மண்கட்டி எறிவார்கள். மறுபடி இந்தப் பக்கம் வராதே என்று அர்த்தம். எறிந்தவன் வீட்டிலும் ஒருநாள் சாவு விழும், அன்றைக்கு மகராஜ் மகராஜ் என்று கூப்பிடப் போவான். துக்கரண் முதுகைத் தட்டிவிட்டுக்கொண்டு நடப்பார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

என் அம்மா சுமித்ரிக்கு அவர்மேல் ஒரு கணக்கு பாக்கி இருந்தது. காசுக் கணக்கு இல்லை. அவர் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியது என் அப்பாவும் அம்மாவும். நான் அப்போது வயிற்றில். ஒருநாள் மத்தியானம் அம்மா தன் சோற்று மூட்டையை, மண்ணில் எறும்பு இருக்கிறதே என்று, அவர்கள் பழைய வீட்டு முன்வாசல் மேடை ஓரத்தில் வைத்துவிட்டாள். துக்கரணின் அப்பா அதைக் காலால் தள்ளிவிட்டார். துக்கரணுக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஒரு சட்டி சாணி கரைத்துக்கொண்டு வந்து, வேலை செய்த அத்தனை பேர் முன்னாலும், மூட்டை இருந்த இடத்தை மெழுகினார். மெழுகிவிட்டுக் கையை மோந்து பார்த்துச் சிரித்தாராம். அம்மா அன்றைக்கு மண்ணோடு பொறுக்கிச் சாப்பிட்டாள்.

ஐம்பத்தெட்டு வருஷம் கழித்து, ஜேட்ட மாதத்துக் கத்திரி வெயிலில், அம்மா போய்ச் சேர்ந்தாள். போவதற்கு முதல் நாள் என்னைக் கூப்பிட்டாள்.

"துக்கரண் வருவான்டா. என் கட்டிலத் தூக்கிட்டுப் போவான். போகட்டும். ஆனா நம்ம வீட்டுச் சோறு தின்னுட்டுத்தான் போகணும்."

"பூரி போடறேன் அம்மா, நெய்யில."

"பூரி வேணாம். உன் பொண்டாட்டி கையால வடிச்ச சோறு. எல்லாரும் பாக்கத் தின்னணும்."

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது புரியும். நெய்யில் பொரித்ததற்குத் தீட்டு இல்லை, தண்ணீரில் வெந்ததற்கு உண்டு. ஒரு பிராமணச் சமையல்காரனை வைத்துப் பூரி சுட்டால் துக்கரண் எவன் வீட்டிலும் உட்காருவார். நோனியா வீட்டுப் பசு தீட்டில்லை, கட்டில் தீட்டில்லை. சோறு மட்டும் தீட்டு. கடைசிப்படிப் பிராமணர், மற்ற பிராமணர்களே முகத்தில் விழிக்காத பிராமணர், அவருக்கு என் சோறு ஆகாது.

பதினோராம் நாள் மத்தியானம் வந்தார். என் முற்றத்தில் நானூறு பேர் உட்காரலாம், அன்றைக்கு இடமில்லை. தேக்குக் கட்டில், வெல்வெட் மெத்தை, பித்தளைப் பாத்திரம், தோல் செருப்பு, புத்தம் புதுசாகக் கறுப்புக் குடை, கன்றோடு ஒரு பசு எல்லாம் வைத்திருந்தேன். குடையை நானே பனாரஸ் போய் வாங்கினேன், கைப்பிடியில் எலிப் பல் படாத குடையாக. அவர் எல்லாவற்றையும் கண்ணால் எடை போட்டார். முகம் மலர்ந்தது.

"சமையல் யாரு, முதலாளி?" என்று கேட்டார். முன்பெல்லாம் 'டேய் ஜிங்குரு' என்றுதான் கூப்பிடுவார். இரண்டாவது சூளைக்குப் புகைபோக்கி எழும்பியபோது முதலாளி ஆனேன்.

"எம் பொண்டாட்டி மகராஜ்."

"பூரியா?"

"சோறு. துவரம்பருப்பு. கத்திரிக்கா சுட்டு மசிச்சு, கடுகெண்ணெ ஊத்தி."

"விளையாடாதீங்க."

"ஆத்தா செத்துப் பதினோரு நாள் ஆகுது. விளையாடற நேரமா?"

எங்கள் ஜாதிச் சபைத் தலைவர் ராம்தாரி எழுந்து ஓடி வந்தார். எங்கள் ஆட்கள் ஒரு தலைமுறைக்கு முன்னால் பூணூல் போட்டுக்கொண்டு தங்களைச் சவுகான் என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்தார்கள். ராஜபுத்திர வம்சமாம். வாளைப் பார்த்திராத வம்சம், மண்வெட்டிதான் தெரியும்.

"அண்ணே, நாம சவுகான். நம்ம கௌரவம் என்ன, இப்படித் தெருக்கூத்து ஆடலாமா?"

"ராஜபுத்திரன்தான்னா இவரு நம்ம சோத்தத் தின்னட்டுமே ராம்தாரி. கேளு, தின்பாரான்னு."

ராம்தாரி கேட்காமல் தன் இடத்துக்குத் திரும்பினார். புரோகிதர் ஷிவ்பூஜன் பண்டிதர் தொண்டையைக் கனைத்தார். "ஒரு வழி இருக்கு ஜிங்குர். அரிசியப் பால்ல வேக வைக்கச் சொல்லு. பாயசம் ஆயிடும். பாயசத்துக்குத் தீட்டு கிடையாது."

"மாட்டு மடியிலேர்ந்து வந்தா சுத்தம், என் கிணத்துலேர்ந்து வந்தா அசுத்தமா பண்டிதரே? உங்க வீட்டுக் கிணத்தையும் நாந்தான் வெட்டினேன். அதுல தினம் குடிக்கிறீங்களே?"

பண்டிதருக்குத் திடீரென்று மந்திரம் ஞாபகம் வந்து முணுமுணுக்க ஆரம்பித்தார்.

அஸ்தமனத்துக்குள் முடிக்க வேண்டும். இஸ்ராஜி, என் மனைவி, இலையில் சோறு போட்டு வைத்தாள். அது ஆறியது. ஆறினதை எடுத்துவிட்டுச் சூடாகப் போட்டாள். துக்கரண் எழுந்து போகவும் இல்லை, கை வைக்கவும் இல்லை. போனால் தேக்குக் கட்டில் போச்சு, பசு போச்சு. காலையிலிருந்து பட்டினி வேறு. சுட்ட கத்திரிக்காய் வாசனை அடிக்கும்போதெல்லாம் அவர் தொண்டை ஏறி இறங்கியது.

நான் கையில் வைத்திருந்த துருப்புச்சீட்டை எடுத்து வீசினேன். "மகராஜ், உங்க மகன் பலிராம் சூரத்துல எங்க சாப்பிடறான்?"

இலையில் மொய்த்த ஈயைத் துண்டால் ஓட்டினார்.

"என் அக்கா மகன் ஷோபன் மெஸ்ஸுல. தறி மில்லுக்கு எதிர்ல. அஞ்சு வருஷமா நோனியா வடிச்ச சோறுதான் உங்க பிள்ளை தின்றான்."

கூட்டம் வாய் பிளந்தது. அவர் தலை குனிவார் என்று நினைத்தேன். அவர் வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

"தெரியுமே முதலாளி. நல்லாப் போடறானாமே, பருப்பு கெட்டியா இருக்குமாம். கடுதாசி போட்டிருந்தான்."

"அப்ப?"

"சூரத்துல யாரு பாத்தா?" என்றார், ரொம்பச் சாதாரணமாக. பிறகு என் பக்கம் சாய்ந்து குரலைத் தணித்தார். "தின்றதுல ஒண்ணும் இல்ல தம்பி. நாலு பேரு பாத்தாத்தான் பிரச்சினை. எனக்குப் பதினோரு ஊருச் சாவும் பாத்தியம். பார்த்தவன் போய்ச் சொன்னா அக்கரைல என் பங்காளி பிடுங்கிக்குவான். கூட்டத்த வெளிய அனுப்பிட்டு அந்தக் கதவச் சாத்து. இதோ தின்னுடறேன்."

இதுதான் அந்த மனிதரின் வேதம் முழுக்க. இத்தனை ஆயிரம் வருஷமாகக் கட்டிக் காத்தது ஒரு கதவுத் தாழ்ப்பாளில் நிற்கிறது.

ராம்தாரி, "சாத்திடுங்கண்ணே" என்றார். பண்டிதர் மந்திரத்துக்கு நடுவில், "சாத்தலாம், சாஸ்திரத்துல தடை இல்ல" என்றார். இஸ்ராஜிகூட முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அத்தை பசியோட தொங்குறாங்க, சாத்துங்களேன்" என்றாள்.

அவள் சொன்னதுதான் என்னைக் கொஞ்சம் ஆட்டியது. அம்மா பசியோடு இருப்பதை நான் நிறையப் பார்த்தவன். ஆனால் சாணி மெழுகியபோது எவனும் கதவைச் சாத்தவில்லையே. நான் போய் இரண்டு செங்கல் எடுத்து வந்து, என் இரும்புக் கதவு சாத்தாதபடி இரண்டு பக்கத்துக்கும் முட்டுக் கொடுத்தேன்.

"ஆத்தா எல்லாரும் பாக்கன்னு சொன்னா மகராஜ். சோறு இங்க இருக்கு. பசு அங்க இருக்கு. உங்க இஷ்டம்."

நிழல் நீண்டது. கன்று ஒருமுறை கத்தியது. துக்கரண் பசுவைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், இலையைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கையை நீட்டிக் குடையை எடுத்தார். கடையில் சரக்குப் பார்க்கிற மாதிரித் துணியைத் தட்டிப் பார்த்தார், கம்பியை எண்ணினார். விரித்தார்.

"வெயிலு" என்றார்.

வெயில் அவர் முதுகுப் பக்கம் இருந்தது. குடையை அவர் முன்பக்கமாகச் சாய்த்துப் பிடித்தார். கறுப்புத் துணி அவரையும் இலையையும் சேர்த்து மறைத்தது. அப்புறம் சோறு பிசைகிற சத்தம் கேட்டது.

ராம்தாரி அண்ணாந்து ஆகாசத்தில் எதையோ தேடினார். பண்டிதர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். குடைக்குப் பக்கவாட்டில் ஒரு கை வெளியே வந்தது.

"உப்பு."

இஸ்ராஜி உப்பு வைத்தாள். கை உள்ளே போனது. மறுபடி வந்தது.

"அம்மா, கத்திரிக்கா இன்னும் கொஞ்சம்."

மூன்று தடவை சோறு வாங்கினார். நான் பக்கவாட்டில் நின்று ஒவ்வொரு கவளத்தையும் பார்த்தேன். பசித்தவன் சாப்பிடுகிற மாதிரிச் சாப்பிட்டார், நெற்றியில் வேர்க்க வேர்க்க. கடைசியில் பெரிய ஏப்பம். குடைக்கு உள்ளிருந்தே "திருப்தி, ஆத்தா போயிட்டா" என்றார். இஸ்ராஜி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. வெளியே காட்டவில்லை.

"பண்டிதரே, பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"குடையைப் பாத்தேன்" என்றார் பண்டிதர்.

ராம்தாரியும் குடையைத்தான் பார்த்தாராம். ஊர் முழுக்கக் குடையைத்தான் பார்த்தது. பதிமூன்றாம் நாள் விருந்துக்கு அத்தனை பேரும் வந்து பந்தி பந்தியாகத் தின்றுவிட்டுப் போனார்கள். ஒருத்தன் வாயிலும் அந்தப் பேச்சு இல்லை.

அன்றைக்குத் துக்கரண் எழுந்து கட்டிலை ஆள்மேல் ஏற்றினார், பசுவின் கயிற்றைக் கையில் எடுத்தார். குடையையும் மடக்கி அக்குளில் வைத்தார். நான் அதை உருவிக்கொண்டேன்.

"எல்லாம் எடுத்துக்குங்க மகராஜ். இது மட்டும் என்கிட்ட இருக்கட்டும்."

"குடை குடுக்கலேன்னா போற வழியில உங்க ஆத்தாவுக்கு வெயில் அடிக்கும்."

"அறுவது வருஷம் வெயில்ல மண்ணு வெட்டினவ. தாங்குவா."

அவர் தெருமுனை திரும்பினார். முதல் மண்கட்டியை எறிந்தது ஷிவ்பூஜன் பண்டிதர். அப்புறம் எங்கள் ஆட்கள் எல்லாரும் எறிந்தார்கள், ராஜபுத்திரர்கள். ஒன்று அவர் குடுமித் தலையில் பட்டுச் சிதறியது. வழக்கம்போல் தட்டிவிட்டுக்கொண்டு பசுவோடு நடந்தார். நான் எறியவில்லை. இரக்கத்தால் இல்லை. மண்ணை வீணாக்குகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் இருந்தார். அவர் செத்தபோது அக்கரைப் பங்காளி வந்து பூரி தின்றான். பலிராம் சூரத்திலிருந்து வந்து மொட்டை போட்டுக்கொண்டு, மறுவாரமே மெஸ் சோற்றுக்குத் திரும்பிவிட்டான். அந்த ஒன்பது வருஷமும் வழியில் என்னைக் கண்டால் துக்கரண் முன்னைப்போலவே வரப்பில் இறங்கி ஒதுங்கி நிற்பார், என் காற்றுப் படாமல். நானும் விடமாட்டேன், நின்று கேட்பேன்.

"என்ன மகராஜ், வெயில் ஜாஸ்தியா?"

"குடையக் குடுத்தா குறையும், முதலாளி" என்பார், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

கொடுக்கவில்லை. பெரிய சூளை ஆபீசில், என் நாற்காலிக்குப் பின்னால், விரித்து மாட்டியிருக்கிறேன். உட்பக்கத்தில் மஞ்சளாகப் பருப்புக் கறை இன்னும் இருக்கிறது. கல் வாங்க வருகிற மேல்ஜாதிப் பெரிய மனிதர்கள், டீ வேண்டாம், இப்போதுதான் குடித்தேன் என்பார்கள். நான் வற்புறுத்த மாட்டேன். குடையைக் கழற்றிக் கையில் கொடுத்து, டீயைக் கொண்டுவரச் சொல்வேன்.