சி டிரைவ் செத்தாலும் டி டிரைவ் இருக்கு

போன மாதம் ஒரு புதன்கிழமை காலை என் கம்ப்யூட்டர் திறக்கவில்லை.

கறுப்புத் திரை. ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் மினுக் மினுக் என்றது. மூன்று முறை அணைத்துப் போட்டும் அதே கதை.

மற்ற நாளாக இருந்தால் காப்பி கலக்கப் போயிருப்பேன். அன்று மாலை நான்கு மணிக்குள் ஒரு புத்தகம் அச்சகத்துக்குப் போக வேண்டும்.

எங்கள் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியைக்கு வெள்ளிக்கிழமை பணி ஓய்வு விழா. எல்லாப் பிள்ளைகளும் அவருக்குக் கைப்பட எழுதிய கடிதங்களை ஸ்கேன் செய்து, ஒரே புத்தகமாகக் கொடுப்பது என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் முடிவு.

செயலாளர் நான். (வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது என்று ஒரு கூட்டத்தில் வாய்விட்டதால் வந்த பதவி.)

உடனே கஸ்தூரி டீச்சருக்குப் போன் போட்டேன். கடிதங்களைச் சேகரித்துக் கொடுத்தவர் அவர்தான்.

“டீச்சர், பிள்ளைங்க எழுதின தாளெல்லாம் உங்ககிட்டத்தானே இருக்கு?”

“இல்லையே மாலா. நீங்க ஸ்கேன் பண்ணி முடிச்சிட்டேன்னு சொன்னீங்க, நேத்து பழைய பேப்பர் லோரியில ஏத்தி விட்டுட்டோமே.”

பள்ளிகளுக்கிடையே மறுசுழற்சிப் போட்டி. எடை கூட வேண்டும் என்று டீச்சர்மார்கள் காலண்டரைக்கூட விட்டுவைக்கவில்லை.

உண்மையாகவே பயந்துவிட்டேன்.

கணவர் குணாவுக்கு அன்று இரவு ஷிப்ட்டு, அதனால் வீட்டில் இருந்தார். சிபியுவைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு உலு திராமில் இருக்கும் கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். கடைக்கார அங்கிள் சீனர். திறந்து பார்த்தார், தட்டிப் பார்த்தார், தலையை ஆட்டினார்.

“சுடா மாத்தி லா. டேட்டா செமுவா ஹாபிஸ்.”

ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டதாம். உள்ளே இருந்ததெல்லாம் போய்விட்டதாம்.

குணா என் முகத்தையே பார்த்தார். நான் அங்கிளிடம், “கீழே இன்னொன்று இருக்கிறது, அதைப் பாருங்கள்” என்று மலாயில் சொன்னேன்.

இந்த இன்னொன்றின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் எங்கள் பழைய கம்ப்யூட்டரைக் குணா பழைய இரும்புக்காரனுக்குக் கொடுக்கக் கிளம்பினார். நான் அதிலிருந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எடுத்து, வீடியோ பார்த்து, இந்தக் கம்ப்யூட்டருக்குள் இரண்டாவதாக மாட்டினேன். ஸ்க்ரூ பொருந்தவில்லை. குணாவின் பையில் கிடந்த கேபிள் டை என்ற பிளாஸ்டிக் பட்டையைப் போட்டு இறுக்கிவிட்டேன்.

“இருக்கிற வீடு பத்தலன்னு பக்கத்து வீட்டையும் வாங்குவியா மாலா?” என்று ஒரு வாரம் கிண்டல் செய்தார்.

“சாமான் முக்கியம்னா வாங்குவேன்” என்றேன்.

கேபிள் டையைப் பார்த்து அங்கிள் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே தன் கம்ப்யூட்டரில் அந்த டிஸ்க்கை மாட்டினார்.

திறந்தது. ‘டீச்சர் புத்தகம்’ என்ற ஃபோல்டர் அப்படியே இருந்தது.

“இப்ப சொல்லுங்க” என்றேன். குணா சீலிங் ஃபேனைப் பார்த்தார்.

கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக எட்டு வருடம் பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை வேலை பார்த்தவள் நான். அங்கே அடுத்த ஷிப்ட்டு ஆளிடம் வேலையை ஒப்படைக்காமல் யாரும் பஸ் ஏற முடியாது. அதே சட்டத்தை வீட்டிலும் வைத்தேன். குணாவை ஏற்றவோ இறக்கவோ மாலையில் தொழிற்சாலை பஸ் வந்து ஹாரன் அடிக்கும். ஹாரன் கேட்டதும் அன்றைய வேலையை முதல் டிஸ்க்கான சியிலிருந்து இரண்டாவதான டிக்குக் காப்பி செய்துவிடுவேன்.

நான் இதைப் பெருமையாக அங்கிளுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது குணா மெதுவாகக் கேட்டார்.

“மாலா, ரெண்டாம் ஆண்டு கடிதத்தைக் காணோமே?”

அலமாக்! ஐயையோ.

அந்த வகுப்பை ஸ்கேன் செய்தது திங்கட்கிழமை. திங்களும் செவ்வாயும் குணாவுக்கு ஆஃப். பஸ் வரவில்லை, ஹாரன் இல்லை, நான் காப்பியும் செய்யவில்லை. பத்தொன்பது பிள்ளைகளின் கடிதம் போயே போய்விட்டது.

மறுபடியும் கஸ்தூரி டீச்சர். போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

“பிள்ளைங்க கிளாஸ்லதான் இருக்காங்க. பென்சில எடுக்கச் சொல்றேன்” என்றார்.

அங்கிள் செத்ததைக் கழற்றிப் புதியதை மாட்டி விண்டோஸ் போட்டுக் கொடுத்தார். டியைத் திரும்ப மாட்டும்போது அவரே இரண்டு ஸ்க்ரூ கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் குணா மோட்டார் சைக்கிளில் பள்ளிக்குப் பறந்து, பத்தொன்பது தாளையும் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். படித்துப் பார்க்கக்கூட நேரமில்லை. ஸ்கேன் செய்து, புத்தகப் பக்கங்களில் ஏற்றி, மூன்று இருபதுக்கு அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

ஜெயித்துவிட்டேன் மக்களே!

(இப்போதெல்லாம் ஆஃப் நாளில் மாலை ஆனால் குணாவே வாயால் ஹாரன் அடிக்கிறார்.)

வெள்ளிக்கிழமை விழாவில் தலைமையாசிரியை மேடையிலேயே புத்தகத்தைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். மைக்கைப் பிடித்துச் சத்தமாகப் படித்தார். எழுதியது இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவன்.

“அன்புள்ள டீச்சர், நான் உங்களுக்கு எழுதிய கடிதம் கம்ப்யூட்டரில் செத்துப் போச்சு. அதில் எனக்கு உங்களைப் பிடிக்கும் என்று எழுதினேன். இன்றைக்கும் பிடிக்கும்.”