இக்பால் பாயின் ஈட்டிக்காரி

உடையக்கூடிய பொருளைச் செய்து விற்கிற எல்லோரும் எனக்கு ஒரு வகையில் சொந்தக்காரர்கள். முட்டை வண்டியை வேகத்தடை மேல் ஏற்றி இறக்குகிறவர், வளையல் கடைக்காரர், கொலு பொம்மை செய்கிறவர், நீங்கள் யாராக இருந்தாலும், பொருள் கை மாறிய பிறகு வருகிற அந்தப் போன் அழைப்பு உங்களுக்குத் தெரியும். "சொல்லுங்க" என்று சொல்வதற்குள் எந்த இடத்தில் உடைந்திருக்கும் என்று மனசு தேட ஆரம்பித்துவிடும்.

என் பொருள் கட்டைவிரல் உயரம்தான். மேசை மேல் வரைபடம் விரித்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு வீரனாக மாறிக் கதை போல ஆடுகிற விளையாட்டுகள் இருக்கின்றன. அந்த வீரர்களை ரெசினில் அச்சடித்துக் கொடுக்கிறேன். ரெசின் என்பது தேன் பதத்தில் இருக்கிற ஒரு திரவம். இயந்திரம் அதில் ஒளியைப் பாய்ச்சி, படலம் படலமாக இறுக வைத்துப் பொம்மையாக்கும். ரமணாசிரமம் பக்கம், செங்கம் ரோட்டை ஒட்டிய ஒரு மாடி அறையில் என் பிழைப்பு நடக்கிறது. எந்த ரெசினில் அச்சடிப்பது என்று நான் பட்ட பாட்டைத்தான் சொல்ல வந்தேன்.

ஒரு கவர் நிறைய கையும் காலும்

சரவணன் பாலிடெக்னிக்கில் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் பக்கத்துத் தெரு காபிக் கடை மாடியில் நண்பர்களைச் சேர்த்து இந்த ஆட்டத்தை நடத்துகிறவர். ஒரு நாள் வந்து, பிளாஸ்டிக் கவர் ஒன்றை என் மேசையில் கவிழ்த்தார். ஈட்டி முனை, வில், கேடயத்தோடு ஒரு கை, முழங்காலுக்குக் கீழே ஒரு கால். எல்லாம் நான் அச்சடித்தவை. சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நானும் பதிலைத் தயார் செய்துகொண்டேன்.

அவர் சண்டை போடவில்லை. இக்பால் பாயைப் பற்றிச் சொன்னார். பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதர். கண்ணில் அழுத்தம் ஏறி, பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. பகடையை நண்பர்கள் படித்துச் சொல்லிவிடுவார்கள். ஆனால் யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அவர் மேசையைத் தடவித்தான் ஆக வேண்டும். தடவினால் உடைகிறது. நான் போட்டிருந்த ரெசின் கண் இமை வரைக்கும் காட்டும், ஆனால் சாக்பீஸ் மாதிரி ஒடியும். அதனால் அவர் இப்போதெல்லாம் கையை மடியில் வைத்துக்கொண்டு விருந்தாளி போல உட்கார்ந்திருக்கிறாராம். எழுந்து போகும்போது சரவணன் சொன்னார்: "மேடம், அழகு கம்மியானாலும் பரவால்ல. அவன் தொட்டா உடையக்கூடாது. அவன் இல்லாம அந்த டேபிள்ல எங்களுக்கு ஆடத் தோணாது."

பசை

அடுத்த வாரம் இக்பால் பாயையே கூட்டிக்கொண்டு வந்தார். ஊருக்குள் குடும்பத்தோடு பாத்திரக் கடை வைத்திருப்பவர். வாட்டசாட்டமான ஆள், விரல்களும் பெரியவை. சரவணன் எடுத்து வந்திருந்த ஆட்டப் பொம்மைகளை அவர் பக்கம் நகர்த்திக் கொடுத்தேன். தொடமாட்டேன் என்றார். வற்புறுத்திய பிறகு ஒன்றை மட்டும் எடுத்தார். அவருடைய ஈட்டிக்காரி. பார்வை இருந்த காலத்திலிருந்து இந்த ஆட்டத்தில் அவர் அவள்தான். வேறு யாராகவும் ஆடியதில்லை.

ஈட்டியின் நடுவில் விரல் நின்றது. உடைந்த இடத்தில் சொட்டு பசை வைத்து யாரோ ஒட்டியிருந்தார்கள். நான் சரவணனைப் பார்த்தேன், அவர் தரையைப் பார்த்தார். பாய் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். பொம்மையை அலுங்காமல் மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "ஒட்டி வெச்சிட்டு ஒண்ணும் ஆகலன்னு சொல்றானுங்கம்மா. இன்னொரு தடவ என் கையால ஏதாச்சும் உடைஞ்சிதுன்னா, நான் வீட்டோட இருந்துக்கறேன்."

வெயிலில் தொங்கியது

ஒடியாத ரெசின் என்று கடையில் கேட்டால் வளைகிற ரெசினைக் கொடுப்பார்கள். சென்னையிலிருந்து பஸ் பார்சலில் வரவழைத்து, அதை ஜாஸ்தியாகக் கலந்து அச்சடித்தேன். ஈட்டியை வட்டமாக வளைத்தாலும் திரும்பி நிமிர்ந்தது. பெருமையாக இருந்தது. டப்பாவில் பஞ்சு வைத்து அனுப்பினேன்.

நம்மூர் சித்திரை வெயிலை அந்தக் கம்பெனிக்காரன் கண்டானா? காபிக் கடை மாடி தகரக் கூரை. அரை மணி நேரத்தில் ஈட்டி தலைகுனிந்துவிட்டது, வாளெல்லாம் தொங்கிவிட்டது. எது ஈட்டி, எது கயிறு என்று விரலுக்கு எப்படித் தெரியும்? சரவணன் போனில் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து பாயின் குரல் கேட்டது: "தங்கச்சி, சண்டைக்கு ஈட்டி கேட்டா, சாம்பார்ல வெந்த முருங்கைக்காயக் குடுத்து வுட்டிருக்கீங்களே."

அவர் சிரித்ததை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

சட்டைப் பை சோதனை

பிறகு என் பழைய கெட்டி ரெசினில், வளைகிற ரெசினைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பார்த்தேன். ஒவ்வொரு கலவையிலும் ஓர் ஈட்டிக்காரி. சோதித்துப் பார்க்க எனக்கு ஆய்வுக்கூடமா இருக்கிறது? என் கணவர் இருக்கிறார். கீழ்பென்னாத்தூருக்கும் திருவண்ணாமலைக்கும் வேன் ஓட்டுகிறார். காலையில் அவர் சட்டைப் பையில் சாவி, சில்லறையோடு ஒரு பொம்மையையும் போட்டு அனுப்புவேன். மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்கிற வேர்க்கடலை மூட்டையைத் தோளில் தூக்குவார், வேனுக்கு அடியில் படுத்து எழுவார். சாயங்காலம் மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்ப்பேன்.

பல நாள் துண்டுகள்தான் திரும்பி வந்தன. ஒரு நாள் முழுசாக வந்தது. ஈட்டி நேராக, முனை விரலுக்குத் தட்டுப்படுகிற மாதிரி. முகத்தில் இமை தெரியவில்லை, மூக்கு மட்டும் தெரிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் சட்டையைக் கழற்றி நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "அது உடையல, நாந்தான் உடைஞ்சிட்டேன். நாளைக்கு உன் பைல போட்டுக்க."

பத்திரமான இடம்

அந்தக் கலவையில் மொத்தக் குழுவுக்கும் அச்சடித்துக் கொடுத்தேன். சில வாரம் நிம்மதி. பாய் மேசையைத் தடவி ஆடுகிறார், சத்தம் போட்டு வம்பு பேசுகிறார் என்றெல்லாம் செய்தி வந்தது. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கை பட்டு ஈட்டி இரண்டாகிவிட்டது. வளையக்கூட இல்லையாம், ஒரே ஒடி. அவர் எழுந்து போனவர்தான், அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

எனக்குச் சோறு இறங்கவில்லை. காபிக் கடை மாடிக்கு நேரில் போய்ப் பார்த்தேன். பொம்மைகளுக்கென்று சரவணன் தன் கையால் கண்ணாடிப் பெட்டி செய்து, ஜன்னல் மேடையில் வைத்திருந்தார். மேற்கு பார்த்த ஜன்னல். மத்தியானத்திலிருந்து பொழுது அடங்குகிற வரை வெயில் முழுக்க அதன் மேல்தான். ரெசினை இறுக வைப்பதே ஒளிதான். அச்சான பிறகும் வெயில் பட்டுக்கொண்டே இருந்தால் இறுகி இறுகி, கடைசியில் அப்பளமாக நொறுங்கும். என் அறை ஜன்னலில் நான் கறுப்புத் துணி கட்டியிருப்பதே அதற்குத்தான். இதைச் சொன்னதும் சரவணன் அந்தப் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். "தூசி படக்கூடாது, பத்திரமா இருக்கட்டும்னுதான மேடம் வெச்சேன்."

பாத்திரக் கடையில்

பாயைத் தேடிக் கடைக்குப் போனேன். வெயில்தான் காரணம் என்று சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார், நம்பவில்லை. தன்னைச் சமாதானப்படுத்த ஊரே சேர்ந்து பொய் சொல்லும் என்பது அவருக்குப் பழகிப்போயிருந்தது. நான் பையிலிருந்து இரண்டு பொம்மைகளை எடுத்தேன். ஒரே கலவை, ஒரே நாள் அச்சு. ஒன்று ஜன்னல் பெட்டியில் இருந்தது. இன்னொன்று என் அறையில் தகர டப்பாவுக்குள் இருந்தது. எது எங்கே இருந்தது என்று சொல்லி, இரண்டையும் அவர் கையில் கொடுத்து, "உடைங்க பாய்" என்றேன்.

முதலாவது பட்டென்று போனது. அவர் முகம் சுருங்கியது. இரண்டாவதை வளைத்தார், வளைந்தது. விட்டார், நிமிர்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார், திருகினார். பாத்திரம் வாங்க வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். அவர் நிறுத்தவில்லை. எவ்வளவு நேரம் அப்படி வளைத்துக்கொண்டிருந்தார் என்று சொல்லத் தெரியவில்லை. கடைசியில் பொம்மையை உள்ளங்கையில் மூடிக்கொண்டு, ரொம்ப மெதுவாகக் கேட்டார்: "அப்ப என் கை மேல தப்பு இல்லியாம்மா?"

ஞாயிற்றுக்கிழமை

அடுத்த ஞாயிறு நானும் மாடிக்குப் போனேன். புதுப் பொம்மைகள், மூடி போட்ட பிஸ்கட் டின்னில். பாய் வந்திருந்தார். ஆட்டம் சூடு பிடித்த நேரம், எதிரி எங்கே நிற்கிறான் என்று கையை நீட்டினார். புறங்கை பட்டு, ஈட்டிக்காரி மேசையிலிருந்து சிமெண்ட் தரையில் விழுந்தாள். எல்லோரும் தரையை எட்டிப் பார்த்தோம். காபி கொண்டுவந்தவர்கூட அப்படியே நின்றுவிட்டார்.

சரவணன் குனிந்து எடுத்து அவர் கையில் வைத்தார். பாய் கால், இடுப்பு, தோள் என்று தடவிக்கொண்டே போனார். ஈட்டியை அடியிலிருந்து முனை வரை ஒரு முறை, முனையிலிருந்து அடி வரை ஒரு முறை. பிறகு அவளை வரைபடத்தில் நட்டமாக நிறுத்திவிட்டு அதட்டினார்: "ஏன்டா எல்லாம் எழவு வீடு மாதிரி உக்காந்துனு இருக்கீங்க? என் டர்ன் இன்னும் முடியல, பகடைய எடு."

சிமெண்ட் தரைக்கும் சித்திரை வெயிலுக்கும் அசையாத ஈட்டிக்காரியை ஒருவழியாக நான் செய்து கொடுத்தால், அவர் உருட்டிய அந்தப் பகடையில் இருப்பதிலேயே மோசமான ஒன்று விழுந்து, சரவணன் கொஞ்சமும் இரக்கம் பார்க்காமல் அவளை ஆட்டத்தில் கொன்றுவிட, மறுநாள் காலையிலேயே பாய்க்கு வேறொரு வீரனின் பொம்மை கேட்டு இரண்டு பேரும் என் வாசலில் நிற்பதற்குப் பெயர்தான் என் தொழில்.