இலை மாறிய தக்காளிச் செடிகள்

கண்டி டவுனில் ஒரு பார்மசியில் வேலை செய்கிறேன். சிலர் மாத்திரைகளை அட்டையில்லாமல் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்து, "இது என்ன மருந்துன்னு பாருங்க மிஸ்" என்பார்கள். நிறம், வடிவம், நடுவில் ஓடும் கோடு எல்லாவற்றையும் பார்த்து, சந்தேகம் தீர்ந்தால்தான் வாயைத் திறப்பேன். இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது என்பது என் கணவரின் குறை. பாலைக் கூட முகர்ந்து பார்த்துத்தான் அடுப்பில் வைப்பேன்.

நாங்கள் இருப்பது அம்பிட்டியவில், ஒரு வாடகை வீட்டின் மேல்மாடியில். கீழ் வீட்டில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் தனியாக இருக்கிறார். தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மொட்டை மாடி இரண்டு வீட்டுக்கும் பொது. குரங்குகளுக்குப் பயந்து அங்கே கம்பி வலையால் ஒரு கூண்டு அடித்து, உள்ளே அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பழைய பெயின்ட் வாளிகளில் தக்காளி வைத்திருந்தோம்.

என் கன்றுகளை அக்குறணையில் வாங்கினேன். சாலையோரத்தில் செடிகள் விற்கும் முஸ்லிம் நானா ஒருவர், ஒரு மூலையில் ஒதுக்கி வைத்திருந்த கன்றுக் கோப்பைகளைக் காட்டினார்.

"இது என்ன சாதி நானா?"

"எனக்கே தெரியா தங்கச்சி. மழைல பேரெல்லாம் அழிஞ்சி போச்சி. வெளிநாட்டு வெத. நல்ல பெரிய பழம் வாரதும் இதுலதான் ஈக்கி."

பெயர் அழிந்தது உண்மையா, விற்காமல் தேங்கியதைத் தள்ளிவிடப் பார்க்கிறாரா என்று யோசித்தபடியேதான் வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் தோட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் படம் போட்டுக் கேட்டேன். கொஞ்சம் வளரட்டும், முதல் இலைகளை நம்ப வேண்டாம் என்றார்கள். வளர்ந்ததும் மறுபடி போட்டேன். சாதாரணத் தக்காளி இலையின் விளிம்பு ரம்பம் போல வெட்டுப்பட்டிருக்கும். சில இனங்களுக்கு மட்டும் அந்த வெட்டு இல்லாமல், உருளைக்கிழங்கு இலை போல அகலமாக, வழுவழுவென்று இருக்கும். நானா தந்ததில் மூன்று கன்றுகள் அந்த அபூர்வ வகை. இலையை மட்டும் வைத்துப் பெயரைச் சொல்ல முடியாது, எந்த இனமாக இருக்காது என்று வேண்டுமானால் சொல்லலாம் என்றார் குழுவில் ஒருவர். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. மூன்றையும் கூண்டுக்குள் தண்ணீர்த் தாங்கிப் பக்கமாக வரிசையாக வைத்தேன்.

அந்தச் சமயத்தில் மடுல்கெல்லையில் என் கணவரின் அண்ணன் மகளுக்குச் சடங்கு வைத்தார்கள். ஒரு வாரம் அங்கே தங்க வேண்டியிருந்தது. என் செடிகளுக்கும் தண்ணீர் ஊற்றச் சொல்லி அக்காவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனேன். இடையில் ஒரு நாள் போன் போட்டேன்.

"செடியெல்லாம் எப்படிக்கா இருக்கு?"

"நல்லா நிக்குது பிள்ளை. நீர் ஆறுதலா வாரும். எப்ப வாறீர்?"

அடுத்த நாள் அவரே கூப்பிட்டு, எப்போது வருகிறோம் என்று திரும்பவும் கேட்டார். அது எனக்கு என்னவோ போலிருந்தது.

திரும்பி வந்த அன்று உடுப்பு மாற்றக்கூட இல்லை, நேராக மேலே போனேன். தாங்கிக்குப் பக்கத்தில் மூன்று வாளிகளிலும் மூன்று செடிகள் நின்றன. உயரமும் ஏறத்தாழ அதே உயரம். ஆனால் இரண்டு செடிகளின் இலைகளில் ரம்ப வெட்டு இருந்தது. போனில் இருந்த பழைய படத்தை எடுத்துப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு வாரத்தில் எந்தச் செடியும் தன் இலையை மாற்றிக்கொள்ளாது.

"யாரோ மாத்தி வச்சிருக்காங்க" என்றேன் கணவரிடம்.

"தக்காளிக் கன்ன யாரு திருடப்போறா? ஒனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்."

"திருடலங்க. மாத்தியிருக்காங்க. திருடுறவங்க வேற செடிய நட்டுட்டா போவாங்க?"

கூண்டுக் கதவின் கொக்கியில் புதுக் கயிறு சுற்றியிருந்தது. முன்பு காலையில் நான் தண்ணீர் ஊற்றும்போது அக்காவும் மேலே வந்து கதை கொடுப்பார். இப்போது நான் இறங்கிய பிறகுதான் அவர் படியேறும் சத்தம் கேட்டது. அவருடைய மருமகன் கட்டுகஸ்தோட்டையில் வீட்டுத்தோட்டம் போட்டிருப்பதும் நினைவுக்கு வந்தது. என் கன்றுகள் இந்நேரம் அங்கே வேர் விட்டிருக்கும் என்றே முடிவு செய்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கோயிலுக்குப் போயிருப்பார் என்று நினைத்து, அவர் பக்கத்து வாளிகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தேன். எல்லாமே ரம்ப இலைகள். இரண்டு வாளிகளில் வெறும் மண். நிமிர்ந்தபோது துவைத்த துணிகளுடன் அக்கா கூண்டு வாசலில் நின்றார்.

"என்ன பிள்ளை தேடுறீர்?"

"என்னோட ரெண்டு செடிய தேடுறேன்க்கா. அங்க நிக்கிறது என்னோடது இல்ல."

"அதெப்பிடித் தெரியும்?"

போனில் இருந்த படத்தைக் காட்டினேன். அவர் படத்தைப் பார்த்தார், தாங்கிப் பக்கம் பார்த்தார், துணி வாளியைக் கீழே வைத்தார்.

"மிளகாய் காயப்போட வந்தனான். கதவைக் கொளுவ மறந்திட்டன். குரங்கு வந்து ரெண்டையும் பிடுங்கி எறிஞ்சு போட்டுது. நீர் ஆசையா வளர்த்தது எண்டு தெரியும். என்ரை கன்றிலை ரெண்டை வைச்சுவிட்டன். தக்காளி தக்காளிதானே, உமக்கு விளங்காது எண்டு நினைச்சன்."

"போன்ல நல்லா நிக்குதுன்னு சொன்னீங்களே?"

"ஓம், சொன்னனான்" என்றார்.

பிறகு என்னைக் கீழே கூட்டிப்போனார். குசினி ஜன்னலில், அடுப்புக்கு மேலே, ஒரு கிளாஸ் தண்ணீரில் தக்காளித் தண்டு ஒன்று நின்றது. வழுவழு இலை. அடியில் வெள்ளை வேர்கள் விட்டிருந்தன. முறிந்து கிடந்ததில் தேறியது அது ஒன்றுதானாம். நான் வேலைக்குப் போன நேரம் பார்த்துத் திரும்ப நட்டுவிட நினைத்தாராம்.

தண்டை எடுத்து அடியைப் பார்த்தேன். கத்தியால் வெட்டிய மாதிரி நேராக இருந்தது.

"குரங்கு இவ்வளவு நேரா முறிக்குமாக்கா?"

"கிழிஞ்ச துண்டை நான்தான் வெட்டிவிட்டனான்" என்றார். கோபமில்லை. ஆனால் களைத்துப்போன குரல்.

இருக்கலாம். தண்ணீரில் வைக்கும் யாரும் அப்படித்தான் வெட்டுவார்கள். இருந்தாலும் அந்த மற்றச் செடி எங்கே போனது என்ற கேள்வி பல நாள் எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. அவரிடம் கேட்கவில்லை.

தண்டை நட்டேன், பிடித்துக்கொண்டது. அவர் வைத்த கன்றுகளையும் பிடுங்கவில்லை. அவற்றில் சின்னப் பழங்கள் முதலில் வந்தன. வழுவழு இலைச் செடிகள் தாமதமாகத்தான் காய்த்தன. உள்ளங்கையை நிறைக்கிற இளஞ்சிவப்புப் பழங்கள், புளிப்பே இல்லை. நானா சொன்னது பொய்யில்லை. அக்காவுக்கும் கொடுத்தேன். விதைக்கென்று கேட்டார், நன்கு பழுத்த ஒன்றைத் தனியாகக் கொடுத்தேன்.

அடுத்த முறை அந்த விதையில் கன்றுகள் வளர்ந்ததும் அவர் மேலே வந்து கதவைத் தட்டினார். கையில் ஒரு வாளி.

"பிள்ளை, நீர் எனக்கு அந்தப் பழந்தானே தந்தனீர்?"

"ஆமாக்கா, ஏன்?"

"இதிலை வெட்டு விழுந்திருக்கு. மற்றதெல்லாம் வழுவழு எண்டு நிக்குது. இது மட்டும் வேறை. நீர் மாறி ஏதும் தந்தனீரோ?"

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குழுவில் கேட்டேன். பக்கத்தில் பூத்திருந்த ரம்ப இலைச் செடியின் மகரந்தம் பட்டிருக்கும், அப்படிக் கலந்தால் அந்த விதையில் வெட்டு இலைதான் வரும் என்றார்கள். தேனீயோ வண்டோ செய்த வேலை. அதை அப்படியே அவரிடம் வாசித்துக் காட்டினேன்.

"தேனீயோ?" என்று கேட்டுவிட்டு, வாளியைத் தூக்கி இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பழம் வரட்டும், பாப்பம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.