பச்சை பூசிய இன்ஜின்

ஞானதாஸின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன பல்பு இருக்கும். மோட்டார் சைக்கிளின் பின்விளக்கு பல்பு. அடியில் இரண்டு ஒயர்களைப் பற்றவைத்திருப்பார். பேட்டரி எதைக் கண்டாலும் ஒயர்களை வைத்துப் பார்ப்பார். எரியும். ஒயரை எடுத்தால் தானே அணைந்துவிடும் பல்பை, அகல்விளக்கை அணைப்பதுபோல ஒருமுறை ஊதிவிட்டுத்தான் பைக்குள் போடுவார்.

உத்திரமேரூர்ப் பக்கம் கல்யாணங்களுக்கு மைக் செட் போடுவது அவர் தொழில். கரண்டை நம்பமாட்டார். செட் பேட்டரியில் ஓடும். ஒரு சின்ன பெட்ரோல் இன்ஜின் டைனமோவைச் சுற்றி அதற்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டே இருக்கும்.

காவாந்தண்டலத்தில் என் மாமா சடையப்பனின் மகள் கல்யாணம். சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. மத்தியானமே பாட்டு முனக ஆரம்பித்தது.

"இன்னா ஞானதாசு, பாடறவனுக்கு ஜொரமா?" என்றார் மாமா. "மாப்ள வரும்போதும் இப்டித்தான் முனகுமா? வாலாஜாபாத் செட்டுக்கு ஆள் அனுப்பட்டுமா?"

"வாணாங்க ஐயா. டைனமோவ ஒரு வார்த்த கேட்டுக்கினு வந்துர்றேன்."

"கேளு. அது இன்னா சொல்லுதுன்னு எனக்கும் சொல்லு."

மாமா ஆளனுப்பிவிட்டால், இனி அந்த ஊரில் ஞானதாஸைக் கூப்பிட மாட்டார்கள். அவர் மனைவி மார்த்தாள் ஒயர் சுற்றுவதை நிறுத்திவிட்டு வந்து நின்றாள்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. டைனமோவில் பல்பை வைத்தார், எரிந்தது. ஒரு ஒயரை மட்டும் எடுத்துப் பக்கத்திலிருந்த கட்‌அவுட் பெட்டியின் தகரத்தில் வைத்தார், எரியவில்லை. டைனமோவிலிருந்து பேட்டரிக்கு வழி திறக்கிற பெட்டி அது. அதன் தகரம் இன்ஜின் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் திறக்கும்.

இன்ஜினை நிறுத்திவிட்டுப் பெட்டியைக் கழற்றினார். அடியில் பளபளவென்று பச்சைப் பெயிண்ட்.

"இது எவன் வேல?"

"எவனும் இல்ல, நாந்தான்," என்றாள் மார்த்தாள். "கோயில் கதவுக்கு அட்ச்சது மிச்சம் இருந்துது. துருப்புட்ச்சிக் கெடந்துச்சேன்னு பூசனேன்."

"பொட்டியக் கயட்டிட்டு அடியிலயுமா பூசுவாங்க? ஸ்குரூ ஓட்டையக்கூட வுடலியே."

"வூட்டுக்கு வெள்ளையடிச்சா மூலைய வுட்டுடுவியா?"

ஞானதாஸ் சிரித்துக்கொண்டே கத்தியால் சுரண்டினார். பச்சைக்குக் கீழே இரும்பு, மழை கழுவிய வானம்போல வெளுத்தது. பெட்டியை மாட்டி இன்ஜினைக் கிளப்பிப் பல்பை வைத்தார். எரிந்தது, ஊதினார்.

மாப்பிள்ளை ஊர் எல்லைக்கு வந்தபோது பாட்டு ஏரிக்கரை வரை கேட்டது. "போதும்பா, சம்மந்தி செவுடாயிடப் போறாரு," என்றார் மாமா.

ரொம்ப நாள் கழித்து அவரே சொன்னார்: சம்பந்தி முன்னால் அந்தத் துருப்பிடித்த இன்ஜினை வைக்க வெட்கப்பட்டு, வேண்டாமென்று சொல்லிவிடத்தான் கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு ஞானதாஸ் வீட்டுக்குப் போனாராம். வாசலில் அது பச்சையாக மின்னிக்கொண்டிருந்ததாம். செட்டுக்கு வெற்றிலை பாக்கு கொடுத்துவிட்டு வந்துவிட்டாராம்.