சூசையம்மாளின் நீல டிரம்கள்

வடகவுஞ்சி சூசையம்மாள் எனக்குச் சித்தி மகள். வீட்டுக்காரர் போன பிறகு ஓடையோரத்து நெல் துண்டையும் மூன்று மாடுகளையும் ஒண்டியாகப் பார்த்தவள். ஒரு பங்குனியில் மலைப்புல் காய்ந்து, தீனியில்லாமல் ஒரு மாட்டை அடிமாட்டுக்குக் கொடுக்கும்படி ஆயிற்று. மிச்ச இரண்டையும் அடுத்த கோடையில் காப்பாற்றியே தீருவது என்று இருந்தாள்.

அதனால் அந்த மார்கழியில், கதிர் பால் கட்டும்போதே நெல்லைத் தாளோடு அறுத்துவிட்டாள். அவள் கொழுந்தன் கஸ்பாருக்கு அங்கேயே சந்தேகம் விழுந்தது. புதுநெல்லைக் கோவிலில் வைக்காமல் அவர்கள் வீட்டில் யாரும் சோறாக்கியதில்லை. பச்சையில் அறுத்தால் கோவிலில் வைக்க நெல் ஏது? வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தான். அவள் தாளைப் பொடியாக நறுக்கி, வெல்லத் தண்ணீர் தெளித்து, நான்கு நீல டிரம்களில் மிதித்து நிரப்பி, காற்றுப் புகாமல் மூடிக் கட்டினாள்.

"உள்ள என்ன மதினி?"

"மாட்டுக்கு ஊறுகா."

"மாடு வந்து கேட்டுச்சாக்கும்!"

ஒரு மாதத்தில் டிரம் பக்கம் லேசாகப் புளித்த வாடை வந்தது. வெல்லம், டிரம், புளிப்பு. கஸ்பார் மூன்றையும் கூட்டிப் பார்த்தான். அவள் பால் ஊற்றப் போன நேரத்தில் கோவில் உபதேசியார் சைமனைச் சாட்சிக்கு அழைத்துப் போய் நான்கு மூடியையும் திறந்தான்.

உபதேசியார் ஒரு பிடி அள்ளி மோந்தார். "ஏலே, இது நெல்லுத்தாளு. தாள்ல எவன்டா சாராயம் காச்சுறான்?"

"அடியில கெடக்குங்க." அடிவரை கிளறிப் போட்டான்.

சூசையம்மாள் திரும்பி வந்து பார்த்துத் தலையில் கைவைத்துவிட்டாள்.

"காத்துப் பட்டா பூசணம் பூக்கும்னு மாட்டு டாக்டரு படிச்சுப் படிச்சுச் சொன்னாருடா! பங்குனிக்குன்னு வச்சிருந்தேன். எம் மாட்டு வாயில மண்ணள்ளிப் போட்டுட்டியே!"

மாடுகள் ஒரு டிரம்மைத் தின்று முடிப்பதற்குள், ஒரே வாரத்தில் மற்ற மூன்றும் கெட்டன. கோடை முடியும்வரை தினம் ஒரு கட்டுப் பச்சைப்புல் கஸ்பார்தான் கொண்டுவந்து போட வேண்டும் என்று உபதேசியார் சொல்லிவிட்டார். எதிர்ச்சரிவு வரை இறங்கி அறுத்துச் சுமந்தான். மாடுகள் எலும்பும் தோலுமாக, ஆனால் உயிரோடு, கோடையைத் தாண்டின.

மறு வருசமும் அவள் பச்சையில்தான் அறுத்தாள். இந்தத் தடவை கஸ்பார் தானே டிரம்முக்குள் இறங்கினான்.

"என்ன போடுறேன்னு நான் பாக்கணும்ல?"

"பாரு. மொதல்ல கால நல்லாக் கழுவு."

மிதித்து முடித்து எண்ணிப் பார்த்தான்.

"அஞ்சு இருக்கு? போன தடவ நாலுதான?"

"அஞ்சாவது ஒம் மாட்டுக்கு."

கஸ்பார் அந்த டிரம்மைச் சுற்றி வந்து, இரண்டு இடத்தில் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான்.