மாடி அறையில் திருவருகைக் காலம்

மண்ணூரில் எங்கள் வீட்டு மாடியில் ஓர் அறை இருக்கிறது. கம்பெனியில் வேலை செய்யும் பெண்பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடுவோம். போன மழைக்காலத்தில் அதில் தனியாகத் தங்கியிருந்தவள் கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரை ஊர்ப் பெண். எங்களைப் போலவே கத்தோலிக்கக் குடும்பம் என்பதால் சீக்கிரமே ஒட்டிக்கொண்டாள். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியதும் மாடிப்படி ஏறுவதற்கு முன்னால் என் சமையலறையை எட்டிப் பார்ப்பாள். "அக்கா, இந்தத் தடவ திருவருகை வளையம் நான்தான் கட்டுவேன்" என்று சொல்லி, கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு ஞாயிறுகளில் ஒவ்வொன்றாக ஏற்ற மூன்று ஊதா மெழுகுதிரியும் ஒரு ரோஸ் மெழுகுதிரியும் வாங்கிக்கூட வைத்துவிட்டாள்.

நவம்பரில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். திரும்பி வரவில்லை.

ஊரில் அடக்கம் முடிந்து, கிறிஸ்துமஸுக்குக் காத்திருக்கும் திருவருகைக் காலம் தொடங்கிய வாரத்தில் அவளுடைய அம்மா சாமான்களை எடுத்துப்போக வந்தார். அவருக்கு இருந்தது ஒரே பிள்ளை. அறையில் உட்கார்ந்து மகளின் துணிகளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பை கட்டுவதாக இல்லை. "ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன்" என்றார். மாடியில் படுக்க முடியாமல் கீழே எங்கள் கூடத்திலேயே படுத்துக்கொண்டார். ரெண்டு நாள் கடந்தும் அவர் கிளம்பவில்லை. நானும் கேட்கவில்லை.

சவுக்குக் கிளைகளை வளைத்துக் கட்டி, அவள் வாங்கிய மெழுகுதிரிகளை நானே நட்டுவைத்தேன். சாயங்காலம் நான், என் வீட்டுக்காரர், அந்த அம்மா மூவரும் அதன் முன்னால் முட்டிபோடுவோம். ஒவ்வொரு மன்றாட்டுக்கும் "வாரும் ஆண்டவரே, வாரும்" என்பது பதில். அந்த அம்மாவின் குரல் மட்டும் எங்களோடு சேரவில்லை. காது கொடுத்துக் கேட்டேன். "வா மக்ளே, வா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

'வாரும்' என்பது சின்ன வயசிலிருந்து டிசம்பரில் நான் சொல்லிவந்த வார்த்தை. கூப்பிட்டு நிஜமாகவே யாராவது வந்துவிட்டால் என்ற பயம் எனக்கு வந்தது அந்த வருஷம்தான்.

ஒருநாள் செபத்தின் நடுவில் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படியாக மேலே போயிற்று. கம்பெனி பஸ் வரும் நேரம். என் வீட்டுக்காரர் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"யாரும் இல்ல. பூட்டு பூட்டின மாதிரியே கீது. பக்கத்து வூட்டு சத்தமா இருக்கும்."

அந்த அம்மா தலையைத் தூக்கவில்லை. "தெனமும் இந்த நேரந்தான் வாறா" என்றார்.

அதற்குப் பிறகு நான் செபத்தைச் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தேன். படியிலிருந்து எதுவும் என் காதில் விழக்கூடாது என்று.

ரோஸ் மெழுகுதிரி ஏற்றும் மூன்றாம் ஞாயிறன்று பூசை முடிந்து வந்தபோது, வாசலில் ஒரு பெண் பெரிய பையோடு மழையில் நனைந்து நின்றாள். ராமநாதபுரத்துக்காரி. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள். பக்கத்துச் சுங்குவார்சத்திரம் முழுக்க அலைந்தும் இடம் கிடைக்கவில்லையாம்.

"ரூம் காலியா இல்லம்மா" என்றேன்.

என் பின்னால் நின்ற அந்த அம்மா, "இருக்கு" என்றார். "மேல ஏறிப் போ மக்ளே. தலையத் தொவட்டு மொதல்ல."

எனக்குக் கோபம் வந்தது. என் வீட்டில் இவர் யார் சொல்ல என்று நினைத்தேன். ஆனால் அவர் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் ஏறிவிட்டார். அரைமணி நேரத்தில் மகளின் துணிகள் பைக்குள் போயின. போர்வையை மட்டும் புதுப்பெண்ணுக்கு விட்டுவிட்டார். "குளிருக்கு வேணும்லா" என்றார்.

புதியவளுக்கு எங்கள் செபம் தெரியாது. ஆனாலும் சாயங்காலம் பஸ்ஸில் வந்து மாடியேறிப் பையை வைத்துவிட்டு, செபத்தின் நடுவில் கீழே வந்து எங்களுக்குப் பின்னால் சம்மணமிட்டு உட்காருவாள். இனிமேல் படியில் கேட்பதெல்லாம் இவளுடைய சத்தம்தான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். ஒருநாள் அவளுக்கு லீவு. எங்களோடு செபத்தில் இருந்தாள். அப்போதும் படியில் செருப்புச் சத்தம் ஏறியது. அவள் திரும்பிப் பார்த்தாள். "யாருக்கா அது?"

அந்த அம்மாதான் சொன்னார்: "நம்ம வீட்டுப் பிள்ளதான். நீ பயப்படாத."

கிறிஸ்துமஸுக்கு முன்பே அவர் ஊருக்குக் கிளம்பினார். பஸ் ஸ்டாப்பில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார், அழவில்லை. கிறிஸ்துமஸ் காலையில் போன் செய்தார். வாழ்த்துச் சொன்னேன். "பிள்ள சாப்பிட்டாளா?" என்று கேட்டார்.

எந்தப் பிள்ளையைக் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. "சாப்ட்டுச்சுக்கா" என்றேன்.