கேப்டனை இறக்காமல் தின்றவர்

நான் கடலை முதன்முதலாகப் பார்த்தபோது முப்பது வயது தாண்டியிருந்தது. வெட்கக்கேடு அதுவல்ல. அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே ஜவ்வாது மலைப் பள்ளி ஒன்றில், ஒன்றாம் வகுப்புக்குக் கடற்பயணம் பற்றிப் பாடம் நடத்தி முடித்திருந்தேன். கண்ணமங்கலத்து ஏரிதான் நான் கண்ட பெரிய தண்ணீர். மீதியெல்லாம் நூலகத்தில் படித்த தைரியம்.

"கடலு எந்த மாசத்துல வத்தும் சார்?" என்று ஒரு சிறுமி கேட்டாள். மலையில் சித்திரையில் வற்றாத ஓடையை அவள் கண்டதில்லை. சித்திரை என்றே சொல்லிவிடலாமா என்று நானும் ஒரு கணம் யோசித்தேன்.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. மேலதிகாரி பார்வையிட வருகிறார் என்றதும் கப்பல் செய்வதென்று முடிவாயிற்று. வீடுகளிலிருந்து சாமை மாவு வந்தது, நான் வெல்லம் வாங்கினேன். சமையல் செய்யும் அம்மா படகு வடிவில் கொழுக்கட்டை அவித்துத் தந்தார். பிள்ளைகள் ஈர்க்குச்சியில் கொய்யா இலையைக் குத்திப் பாய் கட்டினார்கள். நடுவில் ஒரு புளியங்கொட்டையைப் பதித்து அதற்குக் கேப்டன் என்று பெயர் வைத்தார்கள். கேப்டனை இறக்கிவிட்டுத்தான் கப்பலைத் தின்ன வேண்டும் என்பது அவர்களே போட்ட சட்டம்.

காலையில் வருவதாகச் சொன்னவரின் ஜீப் மத்தியானத்துக்குமேல் வந்தது. அவர் பார்க்கும்வரை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு. வெறும் வயிற்றோடு, வெல்ல வாசனையை முகர்ந்தபடி, ஐந்து வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"ஏன்யா, முழங்கால் நனைய ஓடையில தண்ணி இல்ல, இதுங்களுக்குக் கப்பல் கேக்குதா?" என்றபடி அவர் இருப்பதிலேயே பெரிய கப்பலை எடுத்தார். அது அந்தச் சிறுமியுடையது.

"சார், கேப்டன எறக்குங்க! கேப்டன எறக்குங்க சார்!" என்று அவள் கத்தினாள்.

"இன்னா கேப்டன்? போ அந்தாண்ட" என்று கடித்தார். 'கடக்' என்று சத்தம் கேட்டது.

வகுப்பே சிரித்தது. தாடையைப் பிடித்துக்கொண்டு அவர் கத்தினார்: "கல்ல வச்சா தர்றீங்க? மொத்தத்தையும் குப்பையில கொட்டு. ஒருத்தன் வாயில வைக்கக் கூடாது!"

காலையிலிருந்து காத்துக் கிடந்த பிள்ளைகளின் தீனி அது. எனக்குக் கண்மண் தெரியாத கோபம் வந்தது. கப்பலில் ஏறுகிறவன் கப்பலின் சட்டத்தை மதிக்க வேண்டும் என்றேன். பட்டினி போட்ட தலைவனை மாலுமிகள் நடுக்கடலில் என்ன செய்வார்கள் தெரியுமா என்று கேட்டேன். அவர் ஜீப்பை நோக்கி நடக்க, நானும் பின்னாலேயே போனேன். படித்த கலகங்கள் அத்தனையையும் வாசலில் நின்று இறக்கினேன். வேலை போனால் போகட்டும், ஒரு கொழுக்கட்டைகூடக் குப்பைக்குப் போகாது என்று முழங்கினேன். ஜீப் கிளம்பி வளைவில் மறைந்த பிறகும் முழங்கினேன்.

வகுப்புக்குத் திரும்பினால், தட்டுகளில் புளியங்கொட்டைகள் மட்டுமே இருந்தன. கேப்டன்கள் எல்லோரும் பத்திரமாகக் கரையிறங்கியிருந்தார்கள்.

சமையல் அம்மா கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"அந்தாளு கொட்டுன்னு சொன்னப்பவே பசங்க தின்ட்டாங்க சார். உங்களுக்குத்தான் ஒண்ணுகூட மிச்சமில்ல. ஆமா, நீங்க இன்னாத்துக்கு அவ்ளோ நேரம் கத்தினு இருந்தீங்க?"